மழைக்காலம் தாங்கும் பேக்கிங் எது? தனக்கா, எண்ணெய், பாம், சோப்பு (ரங்கூன்)

செல்வி_பசுண்டாங்

வணக்கம். வீட்டில் சிறிய அளவில் ஐந்து பொருள் செய்து விற்கிறோம். தனக்காத் தூள் (முகத்தில் பூசும் மரப்பட்டைத் தூள்) 50 கிராம், தண்ணீர் சேர்த்த தனக்கா பேஸ்ட் 30 கிராம், நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் கலந்த உடம்பெண்ணெய் 100 மி.லி. (எலுமிச்சைப்புல் எண்ணெய் 1 சதவீதம்), தேன்மெழுகு பாம் (தோலில் தடவும் களிம்பு) 15 கிராம், சோப்பு. இப்போது எல்லாம் பிளாஸ்டிக் டப்பாவிலும், சூட்டில் சுருங்கி ஒட்டும் ஷ்ரிங்க் பிளாஸ்டிக் தாளிலும்தான் போகிறது. அதை விட வேண்டும்.

கடைக்காரர் காட்டியது: "மக்கும்" என்று அச்சடித்த கிராஃப்ட் (தடித்த பழுப்புக் காகித) பை, மூங்கில் டப்பா, அடியிலிருந்து தள்ளும் காகிதக் குழாய், அலுமினிய டின், பழுப்புக் கண்ணாடிக் குப்பி. சரக்கு ரங்கூன் கடைகளுக்கும், பஸ் பார்சலில் மோல்மேன், மாந்தலேவுக்கும் போகிறது. மே கடைசியிலிருந்து அக்டோபர் வரை ஈரம், ஏப்ரலில் பஸ்ஸுக்குள் கொதிக்கிற சூடு. எதில் எதைப் போடுவது? விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை, உண்மையிலேயே குப்பை குறைய வேண்டும்.

பொதிகை_பேக்கிங்

வணக்கம் செல்வி. டப்பாவைத் தேர்ந்தெடுக்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். உள்ளே தண்ணீர் இருக்கிறதா? காலியான பிறகு தெருவில் கூடையோடு வரும் பழைய சாமான்காரர் இதைக் காசு கொடுத்து வாங்குவாரா? ரங்கூனில் ஒரு பொருள் மறுசுழற்சிக்குப் போவது பெரும்பாலும் அவர் கையால்தான். அவர் தொடாதது லாயிங்தாயா பக்கம் தெயின்பின் குப்பைமேட்டுக்கோ சாக்கடைக்கோ போகும். 2018 ஏப்ரலில் அந்த மேடு தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்ததை ஊரே மூச்சில் இழுத்தது.

முதலில் அந்த "மக்கும்" பை. பெரும்பாலும் வெளியே கிராஃப்ட் காகிதம், உள்ளே பிஎல்ஏ (தாவர மாவிலிருந்து செய்யும் பிளாஸ்டிக்) படலம். பிஎல்ஏ மக்க வேண்டுமானால் 58 டிகிரி அளவில் வாரக்கணக்கில் சூடு நிற்கும் தொழிற்சாலை உரக்கூடம் வேண்டும். மக்கும் பேக்கிங்குக்கான ஐரோப்பிய இஎன் 13432 தரச்சான்று சொல்வதும் அந்தச் சூழலைத்தான். குப்பைமேட்டில் அது சாதாரண பிளாஸ்டிக் போலவே கிடக்கும். இதைவிட மோசம் "ஆக்ஸோ" என்று விற்கும் பை: உலோக உப்பு சேர்த்த பாலித்தீன், உடைந்து துகளாகும், மறையாது. ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலையில் அதற்குத் தடை போட்டது. இன்னொரு வகைக் கிராஃப்ட் பையில் உள்ளே அலுமினியப் படலமும் பாலித்தீனும் ஒட்டியிருக்கும். ஈரத்தை அது நன்றாகத் தடுக்கும், ஆனால் பிரிக்க முடியாது, யாரும் வாங்க மாட்டார்கள். ஓரத்தைக் கிழித்துப் பாருங்கள்: காகிதம் கிழிந்த இடத்தில் வெள்ளிப் படலம் இழுபட்டு நின்றால் அந்த வகை.

மூங்கில் டப்பாவைத் திறந்து உள்கிண்ணத்தை நகத்தால் நெம்புங்கள். பிளாஸ்டிக் கிண்ணத்தைப் பசையால் ஒட்டி, மேலே மூங்கில் போர்த்தியிருப்பார்கள். ஜூலை ஈரத்தில் அந்த மூங்கிலின் வெட்டுமுனையில்தான் முதலில் பூஞ்சை வரும். வேண்டாம்.

இனி பொருள் வாரியாக.

தனக்காத் தூளுக்கு எதிரி காற்றின் ஈரம். வாய் அகன்ற கண்ணாடி ஜாடி, உள்ளே நுரை வட்டு வைத்த திருகு மூடி, 1 கிராம் சிலிக்கா ஜெல் பொட்டலம். ஜெல் தன் எடையில் கால்பங்கு அளவுதான் ஈரம் குடிக்கும், அதனால் வெறும் காகிதப் பைக்குள் போட்டால் சில நாளிலேயே நிறைந்துவிடும். அடைக்கும் முன் தூள் உண்மையிலேயே காய்ந்திருக்க வேண்டும். தட்டோடு நிறுத்துக் குறித்துக்கொண்டு, அடுத்தடுத்து இரண்டு நாள் எடை மாறாமல் நின்ற பிறகே அடையுங்கள். மழைக்காலத்தில் வெயிலை நம்பாமல் 45–50 டிகிரி பெட்டியும் சின்ன மின்விசிறியும் வையுங்கள்.

பேஸ்டைப் பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன்: அதை நிறுத்திவிடுங்கள். மரப்பட்டைத் தூளில் கிருமி இயல்பாகவே அதிகம். தண்ணீர் சேர்ந்ததும் அது பெருகும். ஃபீனாக்ஸி எத்தனால் என்ற கிருமித்தடுப்பானை அனுமதித்த உச்சமான 1 சதவீதம் வரை போட்டாலும், வாய் அகன்ற டப்பாவில் விரல் விட்டு எடுத்தால் தாங்காது. அதற்காகக் காற்றுப் புகாத ஏர்லெஸ் பம்ப் குப்பிக்குப் போனால் ஸ்பிரிங், பிஸ்டன், மூன்று வகை பிளாஸ்டிக் எல்லாம் சேர்ந்து வரும். பதிலாகக் கட்டியாகப் பிடியுங்கள். நன்றாகச் சலித்த தூளோடு கருவேலம் பிசின் 1–2 சதவீதம், கையில் பிடித்தால் உருண்டை நிற்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர். 20 கிராம் வட்டாக, 1.5 செ.மீ. கனத்துக்கு மேல் போகாமல் அழுத்தி, முதல் நாள் நிழலிலும் பிறகு சூட்டுப் பெட்டியிலும் காய வையுங்கள். நேரே வெயிலில் வைத்தால் மேல்தோல் முதலில் சுருங்கி நடுவில் வெடிக்கும். காய்ந்த கட்டிக்கு மெழுகுக் காகிதமும் ஓர் அட்டைப் பெட்டியும் போதும், ஆனால் கடையில் அதைச் சீல் போட்ட பெரிய ஜாடியில் வைத்து எடுத்து விற்கச் சொல்லுங்கள். வாங்குகிறவர் கல்லில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு உரசிக்கொள்வார், நம் ஊரில் யாருக்கும் அதைக் கற்றுத்தர வேண்டியதில்லை.

பாம் விஷயத்தில் தண்ணீர் இல்லாததால் பூச்சில்லாத அலுமினிய டின் சரி. அதே டின்னில் சோப்பு வைக்கக் கூடாது, ஈரச் சோப்பின் காரம் அலுமினியத்தை அரிக்கும். காகிதக் குழாய் வேண்டுமென்றால் கலவையை மாற்ற வேண்டும். தேங்காய் எண்ணெய் 24–25 டிகிரியிலேயே உருகுவது. மெழுகு 28 சதவீதத்துக்குக் குறைந்தால் குழாயின் சுவரில் எண்ணெய் கசிந்து வெளியே கறை தெரியும். கொதிக்கக் கொதிக்க ஊற்றாமல், கலவை கெட்டியாகத் தொடங்கும் நேரத்தில் ஊற்றுங்கள். உட்புறம் எண்ணெய் புகாத காகிதம் ஒட்டிய குழாய்தானா என்று கேட்டு வாங்குங்கள்.

மோல்மேன்_செக்கு

பொதிகை அண்ணன் சொன்னதோடு எண்ணெய்க் குப்பியைச் சேர்க்கிறேன்.

நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் சீக்கிரம் சிக்கடிப்பவை அல்ல. பழுப்புக் கண்ணாடி கட்டாயமில்லை, நிறமில்லாத கண்ணாடிக் குப்பியை அட்டைப் பெட்டிக்குள் வைத்தாலும் போதும். ரோஸ்ஹிப், சூரியகாந்தி மாதிரி எண்ணெய் சேர்க்க ஆரம்பித்தால் பழுப்பு வேண்டும்.

சொட்டுக்குழாய் மூடி வைக்காதீங்க. எலுமிச்சைப்புல் எண்ணெயில் உள்ள சிட்ரால் ரப்பர் குமிழை இளக்கிப் பிசுபிசுப்பாக்கும். அதோடு ரப்பர், கண்ணாடி, பிளாஸ்டிக் மூன்றும் ஒரே மூடியில். குப்பி வாயில் அழுத்திப் பொருத்துகிற பாலித்தீன் அடைப்பானும் சாதாரணத் திருகு மூடியும் போதும்.

குப்பியைக் கழுத்து வரை நிரப்பக் கூடாது. எண்ணெய் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.07 சதவீதம் விரியும். காலையில் 25 டிகிரியில் நிரப்பிய 100 மி.லி., பஸ்ஸில் 45 ஆனால் 1.4 மி.லி. கூடும். மூடிக்குக் கீழே இடமில்லையென்றால் அது திருகு வழியாகத்தான் வெளியே வரும். 105 மி.லி. பிடிக்கும் குப்பியில் 100 ஊற்றுங்க. அளவுக்கு நிறுத்து ஊற்றுவதே சுலபம்: 100 மி.லி. கிட்டத்தட்ட 92 கிராம்.

குப்பியைத் திரும்ப வாங்கினால்தான் கண்ணாடிக்கு அர்த்தம். 100 மி.லி. கண்ணாடிக் குப்பி 100 கிராம் அளவுக்குக் கனக்கும், பெட் (PET) பிளாஸ்டிக் குப்பி 15 கிராம் இருக்கும். ஒருமுறை பயன்படுத்தி எறிந்தால் அந்தக் கனத்துக்கான சூளைச் சூடும் டீசலும் வீண். ரங்கூன் கடைகளில் மட்டும் முன்பணம் வைத்துத் திரும்ப வாங்குங்க, வெளியூருக்கு அது ஓடாது.

கழுவும் முறை: வாஷிங் சோடா, லிட்டருக்கு 15–20 கிராம், 60 டிகிரி தண்ணீரில் அரை மணி நேரம் ஊறல். எண்ணெய்ப் பிசுக்கு சோப்பைவிட இதில் சீக்கிரம் விடும். பிரஷ், மூன்று அலசல். பிறகு குளிர்ந்த தண்ணீரில் குப்பிகளை அடுக்கி, அதிலிருந்தே சூடேற்றிக் கொதி வந்து 10 நிமிடம். கொதிக்கிற தண்ணீரில் குளிர்ந்த குப்பியைப் போட்டால் விரிசல்: சாதாரணக் கண்ணாடி ஒரேயடியாக 40 டிகிரிக்கு மேல் மாற்றத்தைத் தாங்காது. எடுத்ததும் ஈரக் கல்மேடையில் வைக்காமல் துணி மேல் கவிழ்த்துங்க. கடைசியாக 110 டிகிரி அடுப்பில் 30 நிமிடம். உள்ளே ஒரு சொட்டு ஈரம் நின்றாலும் எண்ணெய்க்கு அடியில் கலங்கல் தெரியும். மூடியும் அடைப்பானும் ஒவ்வொரு முறையும் புதிது. வாயில் சின்னச் சில்லு போனாலும் அந்தக் குப்பியை ஒதுக்கிடுங்க.

தட்டோன்_தாள்

ஓர் இடத்தில் மாறுபடுகிறேன். குளியலறையில் ஈரக் கையோடு எடுக்கும் எண்ணெய்க்குக் கண்ணாடி ஆபத்து, குழந்தை உள்ள வீட்டில் இன்னும் ஆபத்து. மாந்தலேவுக்குப் போகும் சரக்கை நிறமில்லாத பெட் குப்பியில் (அடியில் எண் 1) போடுவது தப்பில்லை. நிறமில்லாத பெட்டுக்குத்தான் விலை கிடைக்கும். சாயம் போட்டதற்கும் மேலே ஷ்ரிங்க் உறை சுற்றியதற்கும் விலை விழும், அல்லது வேண்டாம் என்பார்கள். பம்ப் இல்லாமல் மடக்கு மூடி. கண்ணாடி போலப் பளபளக்கும் பாலிஸ்டைரீன் டப்பா (எண் 6) மட்டும் கூடாது, வாசனை எண்ணெய் பட்டால் நூல் நூலாக வெடிக்கும். பிளாஸ்டிக் என்ற பெயருக்காகவே பெட்டை ஒதுக்கிவிட்டு, பிரிக்க முடியாத கிராஃப்ட் பைக்குப் போவதைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை.

சோப்பு: 4 முதல் 6 வாரம் உலர்ந்த பிறகு சுற்றுங்கள். ஷ்ரிங்க் தாளில் சுற்றினால் கிளிசரின் இழுத்த ஈரம் வெளியேற வழியின்றி முத்து முத்தாக வியர்க்கும். மூச்சு விடும் காகிதம் வேண்டும். பிண்டாயாவில் குடைக்குச் செய்யும் ஷான் காகிதம் இதற்கு மிக நல்லது. மல்பெரிப் பட்டை நார் நீளம், ஈரக் கையிலும் சட்டென்று கிழியாது. சாயம் போடாததை வாங்குங்கள், சிவப்பும் மஞ்சளும் சோப்பின் காரத்தில் இறங்கும். செய்தித்தாள் மை ஒட்டும், அதுவும் வேண்டாம்.

லேபிள்: குப்பி திரும்ப வர வேண்டுமானால் ஸ்டிக்கர் எதிரி. பசை ஊறலில் விடாமல் சுரண்ட வேண்டி வரும். மைதா ஒரு பங்கு, தண்ணீர் ஐந்து பங்கு, கண்ணாடி போலத் தெளியும் வரை காய்ச்சி, பூச்சி வராமல் ஒரு சிட்டிகை படிகாரம். இரண்டு நாளுக்கு மேல் வைக்காதீர்கள். மெல்லிய பூச்சு போதும், தடித்தால் மழைக்காலத்தில் ஓரம் கறுக்கும். எண்ணெய்க் குப்பிக்கு இந்தப் பசை கழன்றுவிடும் என்றால் கழுத்தில் பருத்தி நூலில் அட்டை கட்டலாம். ஆனால் ஆசியான் நாடுகளின் அழகுப்பொருள் விதிப்படி பெயர், பயன், சேர்மானப் பட்டியல், தயாரிப்பாளர் முகவரி, நிகர அளவு, தொகுதி எண், தேதி எல்லாம் வர வேண்டும். மிகச் சிறிய டப்பா என்றால் மற்றவை சீட்டில் வரலாம், பெயரும் தொகுதி எண்ணும் மட்டும் டப்பாவிலேயே இருக்க வேண்டும். 30 மாதத்துக்குள் கெடும் பொருளுக்குக் காலாவதித் தேதியும் தேவை.

செல்வி_பசுண்டாங்

எல்லாருக்கும் நன்றி. பேஸ்டை விட்டுக் கட்டிக்குப் போகிறேன். பெட் குப்பி விஷயத்தில் தட்டோன் அக்கா சொன்னது புரிகிறது, வெளியூருக்கு அதுவே. ஒரு சிக்கல் மட்டும்: பாமுக்குத் திருகு மூடி டின் கிடைக்கவில்லை. அழுத்தி மூடுகிற டின்தான் இருக்கிறது. சூட்டில் இளகி வழியாமல் என்ன செய்வது?

பொதிகை_பேக்கிங்

அழுத்து மூடியில் அடைப்பு என்று ஒன்றும் கிடையாது, கலவைதான் நிற்க வேண்டும். மெழுகை 22 சதவீதத்தில் தொடங்குங்கள், தேங்காய் எண்ணெயைப் பாதியாகக் குறைத்து அந்த அளவுக்கு நல்லெண்ணெய் சேருங்கள். விளிம்புக்கு 3 மி.மீ. கீழே நிறுத்துங்கள். முழுதாக ஆறிய பிறகே மூடி போடுங்கள். சூட்டோடு மூடினால் மூடிக்குள் எண்ணெய் முத்து படிந்து அதுவே முதலில் வழியும். இணைப்பைச் சுற்றி 1 செ.மீ. காகிதப் பட்டை ஒட்டுங்கள், மூடி திறக்கப்படவில்லை என்பதற்கும் அதுவே அடையாளம்.

அனுப்பும் முன் ஐந்து டின்னை நிறுத்து எழுதிவைத்து, மெல்லிய டிஷ்யூ மேல் கவிழ்த்து, 45 டிகிரி பெட்டியில் ஆறு மணி நேரம் வையுங்கள். டிஷ்யூவில் வளையம் விழுந்தாலோ 0.1 கிராமுக்கு மேல் குறைந்தாலோ மெழுகை 2 சதவீதம் ஏற்றி மறுபடி பாருங்கள். 30க்கு மேல் ஏற்ற வேண்டாம், விரலில் எடுக்க வராது.