24 கம்ப்யூட்டருக்கும் வேலையை சமமா பிரிச்சும் பழைய மெஷின்லயே இழுத்துக்கிட்டு கிடக்குது, என்ன பண்ணலாம்?

மன்னார்குடி பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். தஞ்சாவூர் பக்கம் ஒரு காலேஜ்ல எம்.எஸ்சி கடைசி வருஷம். சென்டினல்-1ங்கற ஐரோப்பிய சாட்டிலைட்டோட ரேடார் படத்தை வச்சு டெல்டால எங்கெங்க சம்பா நட்டிருக்காங்கன்னு பாக்கறதுதான் ப்ராஜெக்ட், ரேடார்ங்கறதால ஐப்பசி கார்த்திகை மேகத்துலயும் வயல் தெரியும். படத்தை 2400 டைலா, அதாவது சின்னச் சின்ன துண்டா வெட்டி லேப்ல இருக்கற 24 மெஷினுக்கும் தலைக்கு 100னு அனுப்பறேன். புதுசு 10ம் 35 நிமிஷத்துல முடிச்சுட்டு சும்மா நிக்குது, பழசு 14ம் மூணரை மணி நேரம் ஆக்குது. நடுவுல கரண்ட் போச்சுன்னா எல்லாம் முதல்லேருந்து. அழுகையா வருது.

குடமுருட்டிக்கரை:
தங்கச்சி, சமமா பிரிச்சதுதான் தப்பு. நம்ம ஊர்ல நடவுக்கு ஆளுக்கு இத்தனை குழின்னு காலைலயே அளந்து விட்டா என்னாகும், கை வேகமான ஆளு மதியமே கரையேறிடும், மத்தவங்க பொழுது சாயற வரைக்கும் சேத்துல நிக்கணும். அதனால நீ அனுப்பாத, ஒரு சர்வர்ல வரிசையா டைல வச்சுடு, யாருக்கு கை காலியாகுதோ அந்த மெஷினே வந்து அடுத்ததை கேட்டு வாங்கிக்கட்டும். உன் கணக்குப்படியே புதுசு ஒரு டைலுக்கு 21 செகண்ட், பழசு 126 செகண்ட், எல்லாம் சேந்தா நிமிஷத்துக்கு 35 டைல் ஓடும், 68 நிமிஷத்துல வேலை முடிஞ்சுடணும். கோட் எழுத நேரமில்லன்னா எச்டிகாண்டர்ங்கற சாஃப்ட்வேரை போடு, விஸ்கான்சின் மேடிசன் யுனிவர்சிட்டில 1988லேருந்து வளத்துக்கிட்டு வர்றது, சும்மா கிடக்கற மெஷினை தேடிப்பிடிச்சு வேலை கொடுக்கும்.

கும்பகோணம் ராயர்:
ஒவ்வொண்ணா கேட்டா சர்வருக்கும் மெஷினுக்கும் நடுவுல போக்குவரத்தே அதிகமாயிடுமே. கைடட் செல்ஃப் ஷெட்யூலிங்னு 1987ல பாலிக்ரோனோபௌலஸ், குக் ரெண்டு பேரும் எழுதினது இருக்கு, மிச்ச வேலையை மெஷின் எண்ணிக்கையால வகுத்து கொடுக்கணும், போகப்போக பங்கு சின்னதாகும்.

திருவாரூர் சிஸ்டம் அட்மின்:
ராயர் சார், தப்பா எடுத்துக்காதீங்க, இந்த லேபுக்கு அது ஆகாது. 2400ஐ 24ஆல வகுத்தா 100, முதல்ல வந்து கேக்கறது ஒரு பழைய மெஷினா இருந்தா அப்படியே 100 போயிடும், திரும்பவும் மூணரை மணி நேரம். பழசுக்கு ஒண்ணு, புதுசுக்கு ஆறுன்னு கொடுங்கம்மா, எல்லாமே ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவைதான் சர்வர்கிட்ட வரும், அது ஒரு பாரமே இல்ல.

அப்புறம் கடைசி கட்டம் முக்கியம். வரிசை காலியானதும் இன்னும் முடியாம இருக்கற டைலை சும்மா நிக்கற புது மெஷினுக்கும் ஒரு காப்பி கொடுத்துடுங்க, எது முந்துதோ அதை எடுத்துக்கலாம். பெரிய வேலையை நெறைய மெஷினுக்கு பிரிச்சு கொடுக்கற மேப்ரெட்யூஸ் முறை பத்தி கூகுள் 2004ல போட்ட பேப்பர்ல, இந்த மாதிரி பேக்கப் காப்பி கொடுக்கறதை நிறுத்திப் பாத்தப்ப டேட்டாவை வரிசைப்படுத்த (sort) 44 சதவீதம் கூடுதல் நேரம் ஆச்சுன்னு இருக்கு. ரிசல்ட்டை தற்காலிக பேர்ல எழுதி முழுசா முடிஞ்சப்புறம் பேர் மாத்துங்க, இல்லன்னா ரெண்டு மெஷினும் ஒரே ஃபைல்ல எழுதி குழப்பிடும். முடிஞ்ச டைல் எதுன்னு சர்வர் டிஸ்க்ல குறிச்சு வைங்க, பத்து நிமிஷமா பதில் வராத டைலை திரும்ப வரிசைல போட்டுடணும், கரண்ட் பயத்துக்கு அதுதான் மருந்து.

மன்னார்குடி பொண்ணு:
அண்ணா, 1 மணி 14 நிமிஷத்துல முடிஞ்சுடுச்சு!! ரெண்டாவது தடவை ஓட்டறப்ப கரண்ட் போச்சு, அப்பவும் கைல இருந்த 70 சொச்சம் டைல்தான் திரும்ப ஓடுச்சு. இன்னொண்ணு கவனிச்சேன், கோடியக்கரை பக்கத்து டைல்ல பாதி கடல், அதெல்லாம் நொடில முடியுது, வயல் நெறைய இருக்கறதுதான் லேட். அதனால கனமானதை முன்னாடியும் கடலை கடைசிலயும் வச்சு நாளைக்கு ஓட்டிப் பாக்கறேன்.