ஆர்.ஈ.எம். குழுவின் ‘மர்மர்’: உங்களிடம் எப்படி வந்து சேர்ந்தது?

ஆர்.ஈ.எம். என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவின் பெயரைக் கேட்டதும் பலருக்கும் 1991க்குப் பிறகு உலகமெங்கும் ஒலித்த பாடல்கள்தான் நினைவுக்கு வருகின்றன. நானும் அவற்றில் தொடங்கிப் பின்னோக்கிப் போய்த்தான் ‘மர்மர்’ ஆல்பத்தை அடைந்தேன். 1983 ஏப்ரலில் வெளியான, அவர்களுடைய முதல் முழு ஆல்பம். இதைக் கேட்டவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள், முதலில் என்னுடையது.

ஊர் மாறிப் போன நண்பர் ஒருவர் தம் குறுந்தகடுகளை என்னிடம் விட்டுச் சென்றார். அவற்றுள் இதுவும் இருந்தது. அட்டையில் பாடகர் படம் கிடையாது. குட்ஸு என்னும் கொடி படர்ந்து மூடிய நிலம்தான் இருந்தது. மண்ணரிப்பைத் தடுக்க 1930களில் அமெரிக்க அரசே தென்மாநிலங்களில் நடச் சொன்ன கொடி அது. பிறகு மரம், கம்பம், பாழடைந்த வீடு என்று எதையும் விட்டுவைக்காமல் போர்த்திக்கொண்டது. உள்ளே பாடல் வரிகளும் அச்சிடப்படவில்லை.

கேட்டபோது காரணம் புரிந்தது. மைக்கேல் ஸ்டைப் சொற்களை மென்று பாடுகிறார். ஒரு சொல் பிடிபடும். அதைப் பற்றிக்கொண்டு அடுத்த வரிக்குப் போவதற்குள் அது நழுவிவிடும். வரிகளுக்காகவே பாட்டுக் கேட்டு வளர்ந்த எனக்கு இது புது அனுபவம். ஆனால் எரிச்சல் வரவில்லை. சொல்லுக்காகக் காத்திருப்பதைக் காது கைவிட்டதும் மற்றவை எல்லாம் மேலெழுந்து வந்தன. மைக் மில்ஸின் பேஸ் கிட்டார் அடியில் நின்று தாங்குவதோடு நிற்காமல் தனக்கென்று ஒரு மெட்டைப் பாடிக்கொண்டே போகிறது. பின்குரல்களோ முதன்மைக் குரலின் நிழலாக இல்லாமல், வேறு வரிகளோடு குறுக்கே வருகின்றன. ஸ்டைப்பின் குரலும் அவற்றோடு சேர்ந்த இன்னொரு வாத்தியம்தான். அப்படிக் கேட்கத் தெரிந்த பிறகு, வரிகளைத் தேடிப் படிக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. இன்றுவரை படிக்கவில்லை.

*

உங்கள் பதிவைப் படித்ததும் கிட்டாரைக் கையில் எடுத்துவிட்டேன். என் அனுபவம் முழுக்க முழுக்க இக்குழுவின் கிட்டார் கலைஞர் பீட்டர் பக் பற்றியது. நான் கற்கத் தொடங்கிய நாட்களில், ராக் கிட்டார் என்றால் உரத்த ஒலி, நடுவில் நீண்ட தனி ஆவர்த்தனம் என்றுதான் எல்லோரும் சொல்லிக்கொடுத்தார்கள். பக் அந்தப் பக்கமே போவதில்லை. ரிக்கன்பேக்கர் கிட்டாரில் ஸ்வரக்கூட்டை ஒரேயடியாக மீட்டாமல், தந்தி தந்தியாகப் பிரித்து உதிர்க்கிறார். ஒலி கலங்காமல் கணகணவென்று வருகிறது. எளிது என்று நினைத்துத்தான் இந்த ஆல்பத்தின் ‘டாக் அபவுட் த பேஷன்’ பாடலை வாசிக்க உட்கார்ந்தேன். இடக்கைக்கு அதிக வேலை இல்லை. வலக்கைதான் சோதிக்கும்: எந்தத் தந்தியை விட்டுவிடுவது, எதை ஒலிக்கவிட்டு அடுத்ததன் மேல் படியவைப்பது என்பதில்தான் அந்தப் பாட்டின் உயிர் இருக்கிறது. வேகமாக வாசிப்பதுதான் திறமை என்ற எண்ணம் எனக்கு அன்றோடு போயிற்று.

*

ஒலிப்பதிவு வேலையில் இருப்பவன் என்ற முறையில் எனக்கு இந்த ஆல்பம் பாடப்புத்தகம். இது உருவான கதையையும் சொல்லியாக வேண்டும்.

ஆல்பத்தை வெளியிட்ட ஐ.ஆர்.எஸ். இசைத்தட்டு நிறுவனம் முதலில் இவர்களை ஸ்டீபன் ஹேக் என்ற தயாரிப்பாளரிடம் அனுப்பியது. பின்னாளில் பெட் ஷாப் பாய்ஸ், நியூ ஆர்டர் குழுக்களோடு பெரும்புகழ் பெற்றவர். ‘கேட்டபல்ட்’ என்ற ஒரே பாடலைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லி டிரம்மர் பில் பெரியைச் சோர்வடையச் செய்தார். பிறகு ஒலிநாடாவை பாஸ்டனுக்கு எடுத்துப்போய், குழுவைக் கேட்காமலேயே கீபோர்டு ஒலிகளையும் சேர்த்துவிட்டார். குழு முரண்டுபிடித்தது. முன்பே தங்களோடு வேலை செய்த மிட்ச் ஈஸ்டர்தான் வேண்டும் என்றது. 1983 தொடக்கத்தில் வட கரோலினாவின் ஷார்லட் நகரில், ரிஃப்ளெக்‌ஷன் பதிவுக்கூடத்தில் ஈஸ்டரும் டான் டிக்ஸனும் சேர்ந்து இதைப் பதிவு செய்தார்கள்.

அப்போது எங்கும் சிந்தசைசர் அலை. இவர்கள் அது வேண்டாம், கிட்டார் தனி ஆவர்த்தனமும் வேண்டாம் என்று உறுதியாக நின்றார்கள். ஆனால் சோதனைக்குக் குறைவில்லை. பதிவு அறைக்குப் பக்கத்தில் இருந்த மாடிப்படியில், விளக்கை அணைத்துவிட்டுத்தான் ஸ்டைப் பாடினார். ‘பெர்ஃபெக்ட் சர்க்கிள்’ பாடலில் கேட்பது இரண்டு பியானோக்கள். பெரியும் மில்ஸும் ஆளுக்கொன்றில் ஒரே சமயத்தில் வாசித்தார்கள். ஒன்று பெரிய கிராண்ட் பியானோ, மற்றது நிமிர்ந்த வகை. இரண்டின் நிறமும் சற்றே வேறு என்பதால் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு மங்கலான விளிம்பு கிடைக்கிறது. நல்ல ஹெட்போனில் கேளுங்கள், தெரியும்.

எனக்கு மிகவும் பிடித்தது ‘வீ வாக்’ பாடலில் தூரத்து இடிபோல உருளும் ஒலி. அது இடியில்லை. பெரி பில்லியர்ட்ஸ் விளையாடும்போது பந்துகள் மோதிய ஓசையைப் பதிவு செய்து, வேகத்தைக் குறைத்து ஓடவிட்டிருக்கிறார்கள். இதை அறிந்த பிறகு, விலை உயர்ந்த கருவி இல்லையே என்று நான் எந்த வேலையையும் தள்ளிப்போட்டதில்லை.

*

ஒரு மாற்றுக் கருத்து. எனக்கு ‘மர்மர்’ ஆல்பத்தைவிட 1984இல் வந்த ‘ரெக்கனிங்’தான் நெருக்கம். அதே பதிவுக்கூடம், அதே இரண்டு தயாரிப்பாளர்கள். ஆனால் மேடையில் நின்று நேருக்கு நேர் வாசிப்பதுபோல் இருக்கிறது. ‘மர்மர்’ திரைக்குப் பின்னால் நடப்பதுபோலவே எனக்குப் படுகிறது.

*

ஜார்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸில், அதாவது இந்தக் குழு பிறந்த ஊரில், படித்தவள் நான். அங்கே போகும்வரை இவர்களை நான் கேட்டதில்லை. ஊரைச் சுற்றிக்காட்டிய தோழி முதலில் அழைத்துப்போனது ஒரு தேவாலயக் கோபுரத்துக்கு. கோபுரம் மட்டும்தான் நிற்கிறது, தேவாலயம் இல்லை. கைவிடப்பட்ட அந்தக் கட்டடத்தில்தான் 1980 ஏப்ரல் 5 அன்று ஒரு பிறந்தநாள் விருந்தில் இவர்கள் முதன்முதலாக வாசித்தார்கள்.

பிறகு ஆல்பத்தின் பின் அட்டையில் இருக்கும் மர ரயில் பாலத்தைப் பார்க்கப் போனோம். ரயில் ஓடி எத்தனையோ காலம் ஆகிவிட்ட பாலம். இடிக்க முனைந்தபோதெல்லாம் ரசிகர்கள் தடுத்துப் பார்த்தார்கள். இப்போது பழைய மரக்கட்டுமானத்தின் பெரும்பகுதி போய், நடப்பவர்களுக்கும் சைக்கிளில் வருபவர்களுக்குமான புதுப் பாலம் வந்திருக்கிறது. அதில் எனக்கு வருத்தமில்லை. அன்று அந்தச் சரிவில் நின்று, முன் அட்டையின் கொடி எப்படிப் பள்ளம் மேடு தெரியாமல் எல்லாவற்றையும் மூடுகிறது என்று பார்த்தேன். அறைக்குத் திரும்பி ஆல்பத்தை ஓடவிட்டபோது அந்தக் குரல் எனக்குப் புதிராகவே இல்லை. அந்த நிலமும் அப்படித்தான் இருக்கிறது.

*

அருமை! கோபுரத்தைப் பற்றி எழுதியதற்கு நன்றி, தோழி. ‘ரெக்கனிங்’ நண்பருக்கு: நீங்கள் சொல்லும் திரை எனக்கும் தெரிகிறது. எனக்கு அதுதான் வேண்டியிருக்கிறது. மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ ஆல்பம் கொடிகட்டிப் பறந்த 1983இல், ரோலிங் ஸ்டோன் இதழின் விமர்சகர்கள் அதையும் தாண்டி இந்த ஆல்பத்தைத்தான் ஆண்டின் சிறந்ததாகத் தேர்ந்தெடுத்தார்கள். அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் விற்பனைப் பட்டியலில் 36ஆம் இடம்வரைதான் வந்த ஆல்பம் இது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இன்னொன்று கேட்க வேண்டும். முதல் பாடலான ‘ரேடியோ ஃப்ரீ யூரோப்’ 1981இலேயே ஹிப்-டோன் என்ற சிறு நிறுவனத்தின் மூலம் தனி இசைத்தட்டாக வந்தது. ஆல்பத்தில் இருப்பது மறுபதிவு. பழையதில் வேகமும் முரட்டுத்தனமும் கூடுதல். இரண்டையும் கேட்டவர்கள் எந்தப் பக்கம்? நான் பழையதன் பக்கம்.