மூன்று அணிகள் சமநிலையில் நின்றால் எந்த அணி முந்தும்?

கேள்வி (சுங்கை சிப்புட்): எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மாலையில் கூடைப்பந்து பழக்குகிறேன். பதினாறு வயதுக்குட்பட்டோருக்கான தென்கிழக்காசியத் தகுதிச்சுற்றில் மூன்று நாட்டு அணிகள் சம வெற்றிகளுடன் நின்றால், வரிசை எவ்வாறு முடிவாகும் என்று கேட்கிறார்கள். விளக்க இயலுமா?

பதில் 1: ஐயா, ஃபிபா (உலகக் கூடைப்பந்துச் சம்மேளனம்) விதிப்படி வெற்றிக்கு 2 புள்ளிகள், தோல்விக்கு 1, ஆட வராத அணிக்கு 0. புள்ளிகள் சமமானால், அந்த மூன்று அணிகளும் தமக்குள் ஆடிய ஆட்டங்களை மட்டும் தனியே எடுத்து, முதலில் வெற்றிகளையும், அவையும் சமமானால் ஆட்டப் புள்ளி வித்தியாசத்தையும் (எடுத்த புள்ளிகளில் விட்டுக்கொடுத்தவற்றைக் கழித்து வருவது) பார்ப்பார்கள்.

பதில் 2: ஓர் எடுத்துக்காட்டு, கற்பனைதான். மலேசியா இந்தோனேசியாவை 4 புள்ளிகளிலும், இந்தோனேசியா தாய்லாந்தை 9 புள்ளிகளிலும், தாய்லாந்து மலேசியாவை 2 புள்ளிகளிலும் வென்றதாகக் கொள்ளுங்கள். இந்தோனேசியாவுக்கு +5, மலேசியாவுக்கு +2, தாய்லாந்துக்கு -7; ஆக, நம்மிடம் தோற்ற அணியே முதலிடம் பெறும். எனக்கு இது சற்று உறுத்துகிறது, ஆனாலும் கணக்கு சரிதான்.

கேள்வி கேட்டவர்: நான்காவது அணியை 60 புள்ளிகளில் வென்றிருந்தால்?

பதில் 1: இந்தக் கட்டத்தில் அது சேராது, ஐயா. தோற்கும் ஆட்டத்திலும் கடைசி நிமிடம் வரை இடைவெளியைக் குறைக்கச் சொல்லுங்கள்.