மறுமொழி: உரிமமா, அனுமதியா? ‘தடைத்தளர்வு’ என வைக்கலாம்

அனைவருக்கும் வணக்கம். ‘Wildlife licence’ என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற கேள்விக்கு வந்த ஒரு பதிலிலிருந்து தொடங்குகிறேன். சட்டம் பாதுகாக்கும் உயிரினத்துக்கு இடையூறாகக்கூடிய வேலையைச் செய்ய இங்கிலாந்தில் வாங்கவேண்டிய இசைவு அது.

> “வனவிலங்கு உரிமம் என்றே வைத்துக்கொள்வோம். ஓட்டுநர் உரிமம் போல எல்லோருக்கும் புரியும்.”

ஐயா, புரியும் என்பது உண்மைதான். தப்பாகப் புரியும் என்பதுதான் என் கவலை. ‘உரிமம்’ என்றதும் காதில் ‘உரிமை’ விழுகிறது. ‘வனவிலங்கு உரிமம்’ என்றால் வேட்டையாடவோ வளர்க்கவோ கொடுத்த சீட்டு என்றுதான் பலர் நினைப்பார்கள். அதோடு, வீட்டுக்கூரை இடுக்கில் அடையும் வௌவாலுக்கு வனம் எங்கே இருக்கிறது? சட்டம் பாதுகாக்கும் உயிரினங்களைச் சுருக்கமாக ‘காப்பினம்’ என்று சொல்லிவிடலாம்.

இங்கிலாந்தில் வீட்டுக்கூரையை மாற்றிக் கட்டும் தமிழர்களுக்காக ஒரு துண்டறிக்கையை மொழிபெயர்த்தபோது முதலில் ‘அனுமதி’ என்றுதான் எழுதினேன். படித்துப் பார்த்தவர் கேட்டார்: “கவுன்சில்தான் அனுமதி கொடுத்துவிட்டதே, மறுபடி எதற்கு அனுமதி?” கட்டடத் திட்டத்துக்குக் கவுன்சில் தருவது வேறு, காப்பினத்துக்காக நேச்சுரல் இங்கிலாந்து என்னும் அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு தருவது வேறு. முதலாவதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வௌவால் அடையும் கூரையைப் பிரித்தால் குற்றம். வௌவால் அங்கே இல்லாத மாதத்திலும் அந்த அடைவிடத்துக்குப் பாதுகாப்பு உண்டு. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டு அவரைக் குழப்பியது என் மொழிபெயர்ப்புதான். அன்றிலிருந்து இந்தச் சொல் என்னை விடவில்லை.

வாழிடங்களையும் உயிரினங்களையும் காக்கும் 2017 விதிகளின்படி, கட்டுமானத்துக்காக நேச்சுரல் இங்கிலாந்தின் இசைவைக் கேட்பவர் மூன்று தேர்வுகளைத் தாண்டவேண்டும். பிறவற்றை மிஞ்சிய பொதுநலக் காரணம் இருக்கவேண்டும். ஏற்கத்தக்க மாற்றுவழி இருக்கக்கூடாது. அந்த இனம் தன் இயல்பான பரப்பில் நல்ல நிலையில் தொடர்வதற்கு ஊறு வரக்கூடாது. அதாவது தடை அப்படியே நிற்கிறது. இந்த இடத்தில், இந்த வேலைக்கு, இந்தக் காலத்துக்கு மட்டும், நிபந்தனையோடு சற்றே நெகிழ்கிறது.

‘விலக்காணை’ என்று ஒருவர் பரிந்துரைத்திருந்தார். எனக்கும் பிடித்திருந்தது, ‘மதுவிலக்கு’ நினைவுக்கு வரும்வரை. வரிவிலக்கில் ‘விலக்கு’ விடுவிக்கிறது, மதுவிலக்கில் தடுக்கிறது. சட்டச் சொல்லில் இந்த இருபொருள் ஆபத்து.

அதனால் என் முன்மொழிவு: தடைத்தளர்வு. ஊரடங்குக் காலத்தில் ‘தளர்வு’ எல்லோர் வாயிலும் புழங்கிய சொல். ஊரடங்கு நீங்கிவிட்டது என்று அதற்குப் பொருளில்லை, கொஞ்சம் இளகியிருக்கிறது என்றுதான் பொருள். நமக்கு வேண்டியதும் அதுவே. ‘உரிமம்’ என்பதையும் தூக்கி எறியவேண்டாம். கணக்கெடுப்புக்காக வௌவாலைக் கையில் பிடிக்கும் வல்லுநர், தம் பயிற்சியை நிரூபித்துத் தம் பெயரில் ஒன்று வாங்குகிறாரே, அது அசல் ஓட்டுநர் உரிமம் போன்றதுதான்.

இன்னொரு சொல்லும் தொங்கிக்கொண்டிருக்கிறது: காப்பினத்தைப் பிடித்து வேறிடத்தில் விடுவதற்கான சொல். எடுத்துக்காட்டு, கொண்டை நியூட் என்னும், ஒரு சாண்கூட இல்லாத வாலுள்ள நீர்நில வாழ்வி. பெண் நியூட் நீர்ச்செடியின் இலையை ஒவ்வொன்றாக மடித்து, மடிப்புக்கு ஒரு முட்டை வைக்கும். அதன் இடத்தில் வீடு கட்டுவதானால், சுற்றிலும் தாழ்வான பிளாஸ்டிக் வேலி போட்டு, வேலியோரம் விளிம்புவரை வாளிகளைப் புதைத்து, இரவில் விழுந்தவற்றைக் காலையில் எடுத்து வேறிடத்தில் விடுகிறார்கள். இதற்கு ‘இடமாற்றம்’ என்றால் அரசு ஊழியர் ஞாபகம் வருகிறது. ‘இடப்பெயர்வு’, ‘மீள்குடியேற்றம்’ இரண்டும் நம் மக்கள் பட்ட துயரத்தின் சொற்கள். அவற்றை இதற்கு எடுக்க எனக்கு மனமில்லை. நாற்றைப் பெயர்த்து நடுகிறோம் அல்லவா? அந்தப் ‘பெயர்த்தல்’ போதும்: பெயர்த்துவிடல்.

துண்டறிக்கையின் வரி இப்போது இப்படி நிற்கிறது: “கட்டட அனுமதி கிடைத்திருந்தாலும், வௌவால் அடைவிடம் உள்ள கூரையில் கைவைக்கும் முன் தடைத்தளர்வு பெறவேண்டும்.” ‘தடைத்தளர்வு ஆணை’ என்று நீட்டவேண்டுமா, இவ்வளவே போதுமா? சட்டத் தமிழ் எழுதும் நண்பர்கள் சொல்லுங்கள்.