மாடியின் மழைநீரை அடித்தளத்திலிருந்து விலக்க வழி கேட்கிறேன்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து இறங்கும் இரண்டு மழைநீர்க் குழாய்களும் சுவரை ஒட்டியே முடிவதால், ஒவ்வொரு மழைக்குப் பின்னும் அடித்தளத்தின் ஓரத்தில் நீர் தேங்கி, மண் அரித்து, உட்சுவரின் அடிப்பகுதியில் ஈரம் ஏறிப் பூச்சு உதிர்கிறது. மாடியின் பரப்பு 100 சதுர மீட்டர். 50 மில்லிமீட்டர் மழை பெய்தாலே ஏறத்தாழ 5,000 லிட்டர் நீர் அந்த இரண்டு மூலைகளில் கொட்டுகிறது என்று கணக்கிட்ட பிறகு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

சுவரிலிருந்து 3 மீட்டர் தூரத்துக்குள் தரை 15 சென்டிமீட்டர் தாழும்படி மண் நிரப்பிக் கெட்டிப்படுத்தவும், துளையில்லாத பிவிசி குழாயை இணைத்து நீரைத் தொலைவிலுள்ள உறிஞ்சு குழிக்குக் கொண்டு செல்லவும் எண்ணியுள்ளேன். துளையிட்ட குழாயைச் சுவரருகே பதித்தால் நீர் அடித்தளத்துக்கே திரும்பக் கசியும் என்பதால் அது வேண்டாம் என்பது என் முடிவு.

ஆனால் எங்களுடையது களிமண். நீரை மிக மெதுவாகவே உறிஞ்சும். இத்தகைய மண்ணில் குழியைச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி அமைத்தீர்கள்? அது நிரம்பும்போது உபரி நீர் வெளியேற என்ன ஏற்பாடு செய்தீர்கள்? மதிற்சுவர் நெருங்கியிருக்கும் பக்கத்தில் சரிவுக்கு இடமில்லை என்பதால், அங்கே சிமெண்ட் வாய்க்கால் மட்டும் போதுமா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.