ஜவ்வாது மலைக்கும் கேதார்காந்தாவுக்கும் ஒரே மிட் லேயர் போதுமா?

காட்பாடிக்காரன்:
டிசம்பர் கடைசியில் நண்பர்களோடு உத்தராகண்டில் இருக்கும் கேதார்காந்தா பனிமலைக்குப் போகிறோம். அதற்கு முன்னால் உடம்பைப் பழக்க ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் பக்கம் ஒரு ராத்திரி தங்கி நடக்கலாம் என்று எண்ணம். உள்ளே போடும் தெர்மலும் மேலே போடும் மழை ஜாக்கெட்டும் வாங்கியாயிற்று, நடுவில் போடும் மிட் லேயரில்தான் குழப்பம். கடையில் ஃப்ளீஸ் (மெத்தென்ற பாலியெஸ்டர் துணி) 100, 200 என்று ஏதோ எண் சொல்கிறார்கள், ஒருவர் இறகு அடைத்த டவுன் ஜாக்கெட்தான் என்கிறார், அப்பாவோ "பீரோவில் கம்பளி ஸ்வெட்டர் சும்மாதானே கிடக்கிறது" என்கிறார். அக்னி நட்சத்திரத்தில் வளர்ந்த உடம்பு, பனியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. எதை வாங்கலாம்?

மலைக்கிறுக்கன்:
100 ஃப்ளீஸ் வாங்குங்க ப்ரோ. அந்த எண் ஒரு சதுர மீட்டர் துணி ஏறக்குறைய எத்தனை கிராம் என்பது, அவ்வளவுதான். 100 மெல்லிசு, 200 நடுத்தரம், 300 கனம். நம்ம ஊர்க்காரர்கள் குளிருக்குப் பயந்து கனமானதைத் தூக்கிக்கொண்டு போய், ஏற ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே வியர்த்துக் கொட்டி, மேலே போய் நின்றதும் அந்த ஈரத்தோடு வெடவெடக்கிறார்கள். மிட் லேயரின் வேலை காற்றை இழைகளுக்குள் பிடித்து வைப்பது, அதே சமயம் வியர்வை ஆவியை வெளியே விடுவது. பாலியெஸ்டர் இழை ஈரத்தைக் குடிக்காது, அதனால் ஃப்ளீஸ் சீக்கிரம் காயும். டவுன் நனைந்தால் இறகெல்லாம் கட்டிக்கொண்டு உப்பல் போய்விடும், உப்பல் போனால் சூடும் போச்சு. அதைப் பையில் வைத்திருந்து கேம்ப்பில் உட்காரும்போது போடுங்கள். கேதார்காந்தா உச்சி சுமார் 12,500 அடி, விடியலுக்கு முன்பே ஏறுவார்கள், அங்கே நிற்கும்போதும் அது வேண்டும். வாடகைக்குக் கிடைத்தால் அதுவே போதும்.

புல்லட் பாண்டி:
ஃப்ளீஸில் காற்று சல்லடை மாதிரி புகுந்து போகும், அதையும் சொல்லுங்க. போளூர் வழியாக ஜவ்வாது மலைக்கு விடியற்காலையில் பைக்கில் ஏறினால் ஃப்ளீஸ் மட்டும் பத்தவே பத்தாது, மேலே அந்த மழை ஜாக்கெட்டையும் மாட்டிக்கொள்ளுங்கள். ஆம்பூர் பக்கம் தோல் ஜாக்கெட் மலிவாகக் கிடைக்குதே என்று யோசிக்காதீர்கள், பைக்குக்கு அருமை, நடைக்கு அது பாரம். ராத்திரி தீ மூட்டி உட்கார்ந்தால் ஃப்ளீஸைத் தள்ளியே வையுங்கள், ஒரு பொறி பட்டால் உருகி ஓட்டையாகிவிடும். காட்டுக்குள் நடக்க வனத்துறை அனுமதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏலகிரி அக்கா:
அப்பா சொல்வதை அப்படியே தள்ளிவிடாதே தம்பி. கம்பளி ஈரமானாலும் கொஞ்சம் சூடு கொடுக்கும், நாற்றமும் அவ்வளவாகப் பிடிக்காது. ஆனால் கனம், காய நேரம் எடுக்கும். ஜவ்வாது மலைக்கு அதுவே தாராளம், ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறேழு டிகிரி குறையும், நம் மலைகளில் அதற்கு மேல் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். லேபிளில் உண்மையிலேயே கம்பளி என்று இருக்கிறதா பார், பாதி ஸ்வெட்டர் அக்ரிலிக் என்கிற செயற்கை நூல். பருத்தி ஹூடி மட்டும் வேண்டவே வேண்டாம். ஃப்ளீஸ்தான் என்றால் கழுத்திலிருந்து கீழ்வரை ஜிப் இருப்பதாக எடு, நடந்துகொண்டே திறந்துவிடலாம். தெர்மலைப் போட்டுக்கொண்டே கடையில் அளவு பார், மேலே அந்த ஜாக்கெட்டையும் மாட்டிக் கையைத் தூக்கிப் பார். தோளில் பிடித்தால் ஒரு சைஸ் பெரிது.

காட்பாடிக்காரன்:
நன்றி அக்கா, எல்லாருக்கும் நன்றி. லேபிள் பார்த்தேன், அப்பாவுடையது 100% அக்ரிலிக், அவரிடம் இன்னும் சொல்லவில்லை. தொப்பி வைத்த ஃப்ளீஸ் எடுக்கலாமா?

மலைக்கிறுக்கன்:
மழை ஜாக்கெட்டிலேயே தொப்பி இருக்குமே, இரண்டும் சேர்ந்தால் கழுத்தில் மூட்டை. உயரமான காலர் உள்ளதாக எடுத்துக்கொண்டு தனியாக ஒரு குல்லா வாங்கிவிடுங்கள்.