பாட்டிக்கு நினைவு மலர்: எதிலிருந்து தொடங்குவது?

கேட்பவர்: கடைசிப் பேத்தி
எட்டுப் பிள்ளைகளை ஆளாக்கிய பாட்டிக்கு நினைவு மலர் போட வேண்டும். ஒட்டும் பக்கங்கள் உள்ள ஆல்பத்தில் ஏறக்குறைய 60 கறுப்பு வெள்ளைப் படங்கள், அவர் பேசிய 2 கேசட், அவர் கைப்பட எழுதிய கணக்கு நோட்டு ஒன்று, இவ்வளவுதான் இருக்கிறது. உறவினர்களிடம் கேட்டால் "தங்கமானவங்க" என்று கண் கலங்குகிறார்கள். அதற்கு மேல் எழுத எதுவும் கிடைப்பதில்லை. எதை முதலில் செய்வது?

பதில்: வாய்மொழி
முதலில் மூத்தவர்களிடம் பேசிவிடுங்கள். ஆல்பம் அடுத்த மாதமும் அங்கேயேதான் இருக்கும்.

"எப்படிப்பட்டவர்?" என்றால் புகழ்ச்சிதான் வரும். வேலையைக் கேளுங்கள். எழுந்ததும் முதலில் எதில் கை வைப்பார்? தண்ணீருக்கு எத்தனை நடை, குடம் தலையிலா இடுப்பிலா? பணத்தை எதில் முடிந்து எங்கே ஒளித்து வைப்பார்? காய்ச்சலில் படுத்தால் அந்த வேலைகளை யார் பார்த்தார்கள்? கடைசிக் கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள். "அவங்க படுத்ததே இல்லை" என்றுதான் ஆரம்பிப்பார்கள். கொஞ்சம் பொறுத்திருந்தால், ஒருமுறை படுத்தபோது வீடே நின்றுபோன கதை வெளியே வரும்.

வருஷம் கேட்டால் ஊகமாகச் சொல்வார்கள். "உங்க கல்யாணத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டால் சரியாக வரும். ஒருவரைத் தனியாக உட்காரவைத்தே கேளுங்கள். கூட்டத்தில் குரல் பெரியவர் சொல்வதே நிலைத்துவிடும். இருவர் வேறு வேறாகச் சொன்னால் இரண்டையும் சொன்னவர் பெயரோடு எழுதுங்கள். பேச்சைப் பதிவு செய்யும் போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, மடித்த துண்டின் மேல், பேசுபவருக்கு ஒரு முழத்துக்குள் வையுங்கள். மின்விசிறியை நிறுத்த மறக்க வேண்டாம். முக்கால் மணி நேரம் போதும், அதற்கு மேல் களைத்துவிடுவார்கள்.

பதில்: நாடா
கேசட்டின் மேல்விளிம்பில் உள்ள இரண்டு சின்னப் பிளாஸ்டிக் நாக்குகளையும் உடைத்துவிடுங்கள். தவறிப்போய் ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் குரல் அழியாது. நாடாவில் வெண்பொடி தெரிந்தால் பூஞ்சை. ஓட்டவே ஓட்டாதீர்கள், தெரிந்தவரிடம் கொடுங்கள். சுத்தமாக இருந்தால் ஒருமுறை கடைசிவரை முன்னோட்டி, திரும்பச் சுற்றிவிட்டுப் பிறகு ஒலிக்கவிடுங்கள். சுற்றின் இறுக்கம் சீராகும், நாடா சிக்காது.

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்ற ஒலித்தர அளவில், வேவ் (WAV, ஒலியைச் சுருக்காமல் வைக்கும்) கோப்பாகக் கணினியில் ஏற்றுங்கள். ஸ்டீரியோவில் ஒரு மணி நேரம் சுமார் 1 ஜிபி ஆகும். இரைச்சல் நீக்குவதெல்லாம் நகலில் மட்டும். பேச்சுக்கு நடுவே வரும் இருமல், பாத்திரச் சத்தம், "இரு, வரேன்" என்று எழுந்து போவது எதையும் வெட்டாதீர்கள். அவர் வேலை செய்துகொண்டே பேசியதற்கு அதுதான் சாட்சி.

பதில்: பழம்படம்
ஒட்டிய படத்தை நகத்தால் கிளப்பினால் கிழியும். பல் இடுக்கு நூலைப் படத்துக்கு அடியில் நுழைத்து, ரம்பம் இழுப்பதுபோல் மெல்ல இழுங்கள். வரவில்லையென்றால் மல்லுக்கட்டாமல் பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள். 600 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற அளவு), உள்ளங்கைக்குள் அடங்கும் படங்களுக்கு 1200, கறுப்பு வெள்ளையானாலும் கலர் மோடில், டிஃப் (TIFF, தரம் குறையாமல் சேமிக்கும்) கோப்பாக. பின்புறத்தில் எழுத்து இருந்தால் அதையும் எடுங்கள். வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள்.

ஓயாமல் உழைத்தவர்கள் படத்தின் நடுவில் இருப்பது அரிது. அடுத்தவர் படங்களின் ஓரத்தையும் பின்னணியையும் பெரிதாக்கிப் பாருங்கள். வாசற்படியில் குனிந்திருக்கும் ஒரு முதுகு கிடைத்தாலும் பெரிய விஷயம்.

பதில்: வாய்மொழி
மீண்டும் நானே. கணக்கு நோட்டைச் சாதாரணமாக நினைக்காதீர்கள், தேதிகளுக்கு அதைவிட நம்பகமான ஆள் வேறு இல்லை. லேமினேட் செய்ய வேண்டாம். ஃபிளாஷ் இல்லாமல் ஜன்னல் வெளிச்சத்தில் படமெடுங்கள். எழுத்துப் பிழையைத் திருத்தாமல் அப்படியே படியெடுங்கள். ஒரு பக்கத்தையாவது அசல் அளவிலேயே மலரில் அச்சிடுங்கள்.

பிறப்பிலிருந்து இறப்புவரை என்று வரிசைப்படுத்துவதைவிட, அவருடைய ஒரு நாளை, விடியலிலிருந்து விளக்கணைக்கும்வரை, முதுகெலும்பாக வையுங்கள். மற்ற ஆண்டுகளை அந்தந்த வேலையோடு கோத்துக்கொள்ளலாம். நடுவில் பின் அடிக்கும் புத்தகமென்றால் பக்க எண்ணிக்கை 4-ஆல் வகுபட வேண்டும். அச்சுக்குப் போகுமுன் பெயர்களையும் உறவுமுறைகளையும் மட்டும் இரண்டு மூத்தவர்களிடம் வாசித்துக் காட்டிவிடுங்கள்.